ஊது அத்தர்: முதல் வாடையை வைத்து முடிவு செய்யாதீர்கள்

அத்தர் கடையில் ஊது எண்ணெயை முதன்முதலாக முகர்ந்து பார்ப்பவர்களில் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். மாட்டுத் தொழுவம், ஈரத் தோல், புகை எல்லாம் கலந்த வாடை அது. 'இதற்கா இவ்வளவு விலை?' என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் இனிப்பான வேறொரு புட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான்கைந்து மணி நேரம் கழித்து அதே ஊது தோலில் என்ன மணம் தரும் என்பது அவர்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் நடக்கிறது. முதல் முகர்விலேயே மயக்கும்படி தயாரிக்கப்பட்ட செயற்கைக் கலவை 'சுத்தமான ஊது' என்ற பெயரில் கைமாறுகிறது. வளைகுடாவில் மாதக் கணக்கில் மிச்சம் பிடித்த பணத்தில் வாப்பாவுக்கும் மாமனாருக்கும் அன்பளிப்பாக வாங்கி வரும் புட்டியில் உண்மையான ஊது ஒரு சொட்டுகூட இல்லாமல் இருக்கலாம்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நேரம் செல்லச் செல்ல மாறுவது ஊதின் இயல்பு. நாமோ அதை ஒரு நொடியில் எடை போடப் பார்க்கிறோம். அது எதிலிருந்து வருகிறது, தோலில் எப்படி மாறுகிறது, வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

காயம்பட்ட மரத்தின் பிசின்

ஊது எடுக்கப்படுவது அக்விலேரியா என்ற மர இனத்திலிருந்து. நோயில்லாமல் வளர்ந்த அக்விலேரியா மரத்தை வெட்டினால் உள்ளே வெளிறிய, இலேசான, மணமற்ற கட்டைதான் இருக்கும். அதற்கு விறகு மதிப்புகூடப் பெரிதாக இல்லை. மரத்தில் காயம் ஏற்பட்டு, அந்த வழியே பூஞ்சை நுழையும்போதுதான் கதை மாறுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள மரம் கருமையான பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் பல ஆண்டுகள் கட்டைக்குள் ஊறி இறுகியதைத்தான் அரபியில் 'ஊத்' என்றும், மலாயில் 'காஹரு' என்றும், தமிழில் அகில் என்றும் சொல்கிறோம். பிசின் நன்றாக ஏறிய கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். சீனர்கள் அதற்கு வைத்த 'சென்ஷியாங்' என்ற பெயருக்கே 'மூழ்கும் நறுமணம்' என்றுதான் பொருள்.

அஸ்ஸாமில் இந்த வேலையைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் ஒரு புழு. செயுசேரா என்ற பூச்சியின் புழு தண்டைத் துளைத்து உள்ளே போகிறது. அது போட்ட சுரங்கத்தின் வழியே பூஞ்சை பரவுகிறது. அங்கே இந்த மரத்துக்குச் 'சாசி' என்று பெயர். வீட்டுத் தோட்டங்களில் பாக்கு மரங்களோடு சாசியும் நிற்கும். காகிதம் வருவதற்கு முன் அஸ்ஸாமியர்கள் ஏடு எழுதியது இதே மரத்தின் பட்டையில்தான். தமிழ்நாட்டுக்குப் பனையோலை எப்படியோ, அவர்களுக்குச் சாசிப் பட்டை அப்படி.

இங்கே பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. சங்க இலக்கியமான பட்டினப்பாலை, மேற்கு மலையில் விளைந்த சந்தனமும் அகிலும் பூம்புகார்த் துறைக்கு வந்ததைச் சொல்கிறது. ஆனால் அஸ்ஸாம் ஊது மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரியதல்ல. அங்கே 'வெள்ளகில்' என்று அழைக்கப்படுவது முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த மரம். ஆகவே பழைய நூல்களில் வரும் ஒவ்வோர் அகிலும் இன்றைய ஊதுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெயர் மட்டும் வெகுதூரம் பயணம் செய்திருக்கிறது. மலையாளக் கரையில் கேட்ட 'அகில்' என்ற சொல்லைப் போர்ச்சுக்கீசியர்கள் 'அகுயிலா' ஆக்கினார்கள். அது அவர்கள் மொழியில் கழுகைக் குறிக்கும் சொல்லோடு ஒத்துப்போனதால், ஐரோப்பாவில் இதற்குக் 'கழுகு மரம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. கழுகுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அரபு வணிகர்களுக்கு ஊர் வித்தியாசம் அன்றைக்கே தெரிந்திருந்தது. கம்போடியப் பக்கத்து ஊதை 'கமாரி' என்றும், காமரூபம் எனப்பட்ட அஸ்ஸாம் பக்கத்து ஊதை 'காமரூனி' என்றும் பிரித்துப் பேசினார்கள். இன்றும் துபாய் கடைகளில் 'ஹிந்தி', 'கம்போடி' என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

தொழுவ வாடை எங்கிருந்து வருகிறது?

கட்டையைச் சிறு துண்டுகளாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, பிறகு பெரிய பாத்திரங்களில் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து எண்ணெயைப் பிரிக்கிறார்கள். அஸ்ஸாம் முறையில் இந்த ஊறல் வாரக் கணக்கில் நீளும். இட்லி மாவு புளிப்பதைப் போல அந்தக் கட்டையும் நொதிக்கிறது. முதலில் மூக்கைத் தாக்கும் தொழுவ வாடையின் பெரும் பகுதி அந்த நொதிப்பில் பிறந்ததுதான். எண்ணெய் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல அது. குறைந்த நாட்கள் ஊறவைத்து வடித்த எண்ணெயில் இந்த வாடை மிகக் குறைவு.

கிடைக்கும் எண்ணெயின் அளவு மிகச் சொற்பம். கிலோ கிலோவாகக் கட்டையைப் போட்டு, நாட்கணக்கில் தீ எரித்தால் சில மில்லி தேறும். விலைக்கு முதல் காரணம் இதுதான்.

வடித்த உடனே எண்ணெய் முரடாக இருக்கும். அதனால் நல்ல வணிகர்கள் சில காலம் மூடியைத் தளர்த்தி வைத்துக் காற்றாட விடுவார்கள். பிறகு ஆண்டுக் கணக்கில் வைத்திருந்து விற்பவர்களும் உண்டு. பழகிய ஊது நிறம் ஆழ்ந்து, தடித்து, வாடையில் ஒரு சாந்தம் ஏறியிருக்கும்.

தோலில் ஒரு நாள்

பெரும்பாலான வாசனைப் பொருட்கள் ஒரே மூலக்கூறால் ஆனவையல்ல. இலேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும். கனமானவை மெதுவாகக் கிளம்பும். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வரும் மணம் சில நிமிடங்களில் காணாமல் போவதும், சந்தனம் நாள் முழுக்க நிற்பதும் இதனால்தான். எலுமிச்சை மணத்தின் முக்கியமான பொருளில் 10 கார்பன் அணுக்கள். ஊது எண்ணெயில் நிறைந்திருக்கும் செஸ்குவிடெர்பீன்கள் என்ற பொருட்களில் 15. அதனால் ஊதில் குளிர்ச்சியான, துள்ளலான தொடக்கம் இருக்காது. அது இறங்கி நடக்கும் மணம்.

அஸ்ஸாம் வகை ஊது ஒன்றை மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொண்டால் ஏறத்தாழ இப்படி நடக்கும். தோலின் சூடு, வியர்வை, அறையின் வெப்பம் ஆகியவற்றைப் பொறுத்து நேரக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

முதல் கால் மணி நேரம் கடினமானது. தொழுவம், புளித்த வைக்கோல், ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் ஷாப்புகளைக் கடந்து போகும்போது வரும் நெடி. அதன் அடியில் கொஞ்சம் புகை, கொஞ்சம் மிளகுக் காரம். பழகாதவர்கள் இந்த இடத்தில்தான் கையைக் கழுவிவிடுகிறார்கள். அராபியர்கள் பலருக்கோ இந்தத் தொடக்கம்தான் பிடிக்கும். ஹிந்தி ஊதை அவர்கள் தேடி வாங்குவதே இந்த முரட்டுத்தனத்துக்காக.

பிறகு நொதிப்பில் வந்த இலேசான பொருட்கள் பறந்துவிடுகின்றன. அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை தோல் நெடி உலர்கிறது. பச்சைத் தோலாக இருந்தது பழைய செருப்புத் தோலாக, குர்ஆன் பிரதிகளுக்குப் போடும் தோல் உறையாக மாறுகிறது. புளிப்பு குறைந்து கிராம்பு, காய்ந்த புகையிலை போன்ற மணங்கள் தெரிய வரும். வைக்கோல் இன்னும் இருக்கும். ஆனால் வெயிலில் காய்ந்த வைக்கோல்.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வருவதுதான் ஊதின் உண்மையான முகம் என்பது என் கருத்து. கட்டையின் மணம் மேலே வருகிறது. அதோடு கருப்பட்டி காய்ச்சும்போது அடிப்பாத்திரத்தில் ஒட்டியதைப் போன்ற ஒரு கசப்பு இனிப்பு, இலேசான தேன், பழைய புத்தக அலமாரியைத் திறந்தது போன்ற ஓர் உணர்வு. இது கத்தாது, பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசும். நல்ல எண்ணெயாக இருந்தால் இந்தக் கட்டம் எட்டு, பத்து மணி நேரம்கூட நீடிக்கும். துணியில் பட்டிருந்தால் மறுநாளும் இருக்கும்.

இதற்கிடையில் பூசியவரின் மூக்கு பழகிப்போய்விடும். அரை மணி நேரத்தில் 'வாசனை போய்விட்டது' என்று நினைத்து மறுபடி பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். போனது வாசனை அல்ல, அதை உணரும் திறன் கொஞ்ச நேரத்துக்கு ஓய்வெடுக்கிறது. வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து முகர்ந்தால் தெரியும். கடைகளில் காப்பிக் கொட்டையை முகரக் கொடுப்பார்கள். அதைவிடப் பூசாத கையையோ சட்டையின் கை மடிப்பையோ முகர்வது போதுமானது.

கட்டையை நெருப்பில் இட்டுப் புகைப்பது வேறோர் அனுபவம். எண்ணெயில் அதிகம் இறங்காத குரோமோன்கள் என்ற கனமான பொருட்கள் கட்டையிலேயே தங்கியிருக்கும். சூடு பட்டதும் அவை உடைந்து இனிப்பான மணங்களைத் தருகின்றன. அதனால்தான் ஊதுக் கட்டையின் புகை, அதே மரத்து எண்ணெயைவிட மென்மையாகவும் இனிப்பாகவும் இருக்கிறது. எண்ணெயைக் கண்டு ஓடுபவர்களுக்கும் புகை பிடித்துப்போவது உண்டு. மூடிய அறையில் கரித்துண்டு வைத்துப் புகைப்பது மட்டும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் ஜன்னலைத் திறந்துவைத்துப் புகைத்தாலும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

ஊருக்கு ஊர் குணம்

மேலே சொன்னது அஸ்ஸாம் வகை. கம்போடி என்று விற்கப்படும் வகை தொடக்கத்திலிருந்தே இனிப்பு. காய்ந்த அத்திப்பழம், பேரீச்சம்பழம், ஈரமான புகையிலை என்று போகும். தொழுவ வாடை குறைவு. முதன்முதலாக ஊது பூச விரும்பும் இளைஞர்களுக்கு இதைத்தான் பரிந்துரைக்கத் தோன்றுகிறது. இப்போது 'கம்போடி' என்பது ஊர்ப் பெயர் என்பதைவிட ஒரு மணத்தின் பெயராகிவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தாய்லாந்துத் தோட்டங்களில் எடுத்ததும் அந்தப் பெயரில் வரும். மலேசியா, போர்னியோ பக்கத்து எண்ணெய்கள் இன்னும் இலேசானவை. கற்பூரத்தையும் மலைக்காற்றையும் நினைவூட்டும் ஒரு தெளிவு அவற்றில் இருக்கும்.

பங்களாதேஷின் மௌல்விபஜார் மாவட்டத்தில் உள்ள சுஜாநகர், அஸ்ஸாமின் ஹோஜாய் இரண்டும் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாக ஊது வடிக்கும் ஊர்கள். ஹோஜாயிலிருந்து 1950களின் தொடக்கத்தில் மும்பைக்கு வந்த ஹாஜி அஜ்மல் அலி தொடங்கிய வணிகம்தான் இன்று துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட அஜ்மல் நிறுவனம். வளைகுடாவின் பெரிய அத்தர் கடை ஒன்றின் வேர் அஸ்ஸாமில் இருக்கிறது.

ஸ்ப்ரே புட்டிகளில் வரும் 'ஊது'

ஐரோப்பிய நிறுவனங்கள் ஊதைக் கண்டுகொண்டது சமீபத்தில்தான். 2002ல் டாம் ஃபோர்டின் பொறுப்பில் இருந்த ஈவ் சான் லோரான் நிறுவனம் ஆண்களுக்காக 'எம் 7' என்ற வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. ஆல்பர்டோ மொரிலாஸ், ஜாக் கவாலியே என்ற இருவர் உருவாக்கியது. மேலே நாரத்தை வகைப் பழங்களின் புளிப்பு, நடுவில் ஊதும் வெட்டிவேரும், அடியில் அம்பரும் கஸ்தூரியும் என்று அடுக்கியிருந்தார்கள். மேற்கத்திய ஆண்களுக்கு அது அப்போது விளங்கவில்லை. எதிர்பார்த்த அளவு விற்கவும் இல்லை. 2007ல் டாம் ஃபோர்ட் தன் சொந்தப் பெயரில் வெளியிட்ட 'ஊத் வுட்' தான் வழியைத் திறந்தது. இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் பெயரில் 'ஊத்' உள்ள ஒரு புட்டியாவது இருக்கிறது.

அந்தப் புட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வகத்தில் தயாரித்த ஊது மணம். அதில் தவறொன்றும் இல்லை. விலை கட்டுப்படியாகிறது, மரமும் தப்பிக்கிறது, மணமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிடைக்கிறது. ஆனால் அதைப் பூசிப் பார்த்துவிட்டு 'ஊது எனக்குத் தெரியும்' என்று சொல்வது, பாக்கெட் சூப்பைக் குடித்துவிட்டு நோன்புக் கஞ்சி தெரியும் என்று சொல்வதைப் போன்றது. ஸ்ப்ரேயில் மணம் மாறும் வரிசையை நிறுவனம் தீர்மானித்து அடுக்குகிறது. ஊது எண்ணெயில் அந்த வரிசையை மரமும் ஊறலும் வடிப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒரு தொகுதி எண்ணெய் இன்னொன்றைப் போல இருப்பதில்லை.

ஆல்கஹால் கலந்த திரவியங்களைப் பூசுவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தவிர்க்க விரும்புவோருக்கு எண்ணெய் அத்தர் எளிய வழி.

ஹதீஸ்களில் ஊது

நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பினார்கள் என்பதும், நறுமணம் அன்பளிப்பாகத் தரப்பட்டால் மறுக்கமாட்டார்கள் என்பதும் நாம் அறிந்தவை. ஊதைப் பொறுத்தவரை, இப்னு உமர் (ரலி) அவர்கள் வேறெதுவும் கலக்காத அகில் கட்டையையும், சில சமயம் கற்பூரம் சேர்த்தும் புகைத்ததாகவும், நபி (ஸல்) அவர்கள் இவ்வாறே புகைத்தார்கள் என்று கூறியதாகவும் ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு இருக்கிறது.

ஆனால் ஊது எண்ணெய் விற்கும் சிலர் பெட்டியின் மேலேயே அச்சிட்டுப் போடும் இன்னொரு ஹதீஸ் உண்டு. 'அல் ஊதுல் ஹிந்தி'யில் ஏழு நோய்களுக்கு நிவாரணம் இருக்கிறது என்ற கருத்தில், உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அறிவிப்பது. ஸஹீஹுல் புகாரியில் மருத்துவம் பற்றிய பகுதியில் வருகிறது. அங்கே குறிப்பிடப்படுவது 'குஸ்த்' என்று அந்த அறிவிப்பின் ஒரு வடிவத்திலேயே விளக்கம் வந்திருக்கிறது. குஸ்த் என்பது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோஷ்டம். இமயமலைப் பகுதியில் விளையும் ஒரு செடியின் வேர். அத்தர் ஊதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்த ஹதீஸைக் காட்டி ஊது எண்ணெயை மருந்தாக உட்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். பெயர் ஒற்றுமையை வைத்து விலையை ஏற்றுவது வணிக நேர்மையும் அல்ல.

ஆண்களின் நறுமணம் மணம் வெளிப்பட்டு நிறம் மறைந்திருக்க வேண்டும் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் வருகிறது. ஊது விஷயத்தில் இது நடைமுறைக்கும் பொருந்துகிறது. எண்ணெய் கரும் பழுப்பு நிறம். வெள்ளை ஜுப்பாவில் பட்டால் கறை எளிதில் போகாது. காதுக்குப் பின்னால், மணிக்கட்டின் உள்பக்கம், தாடி என்று உடலில் பூசுவதுதான் சரி. பெருநாள் சட்டையில் தேய்த்துக்கொண்டு பிறகு சலவைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

எப்போது பூசுவது?

ஜும்ஆவுக்குக் குளித்து நறுமணம் பூசிச் செல்வது சுன்னத். ஆனால் ஹிந்தி ஊதைப் பள்ளிவாசல் வாசலில் நின்று பூசிக்கொண்டு நேரே ஸஃப்பில் போய் நின்றால், பக்கத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது அந்த முதல் கால் மணி நேரத்துத் தொழுவ வாடைதான். பூண்டும் வெங்காயமும் சாப்பிட்டு வந்து மற்றவர்களுக்குத் தொல்லை தரக்கூடாது என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். எனவே ஒரு மணி நேரம் முன்பே வீட்டில் பூசிக்கொள்ளுங்கள். தொழுகைக்கு நிற்கும்போது மணம் இரண்டாம் கட்டத்துக்கு வந்திருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் இதமாக இருக்கும். நிக்காஹ் மேடையில் உட்காரப் போகும் மாப்பிள்ளைக்கும் இதே கணக்குதான். அவருக்கு இரண்டு மணி நேரம் முன்பே என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு மணப்பெண் முதன்முதலாக உணரும் மணம் எதுவாக இருக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டுமல்லவா?

அளவு ஒரு புள்ளி போதும். தேய்க்க வேண்டாம், தொட்டு வைத்தால் போதும். கலப்படமில்லாத எண்ணெயாக இருந்தாலும் சிலருக்குத் தோல் சிவக்கும். முதல் முறை முழங்கையின் உள்பக்கம் சிறிது வைத்து ஒரு நாள் பாருங்கள். சிறு குழந்தைகளுக்குப் பூச வேண்டாம். உம்ரா, ஹஜ் செல்பவர்கள் இஹ்ராம் நிய்யத்துக்குப் பிறகு நறுமணம் பூசக் கூடாது என்பது தெரிந்ததே. மறுநாளும் துணியில் நிற்கும் எண்ணெய் இது என்பதால், இஹ்ராம் துணிகளை ஊது புட்டி வைத்த பையில் வைக்காமல் இருப்பது நல்லது.

வாங்கும்போது

தோலா என்பது 11.66 கிராம். கடைகளில் கிடைக்கும் 3, 6, 12 மில்லி புட்டிகள் ஏறத்தாழ கால், அரை, ஒரு தோலா என்ற பழைய கணக்கிலிருந்து வந்தவை. 500 ரூபாய்க்கு ஒரு தோலா 'சுத்தமான ஊது' என்று யாராவது சொன்னால் அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். அந்த விலைக்குக் கட்டையே கிடைக்காது.

விலை அதிகம் என்பதாலேயே அசல் என்றும் ஆகிவிடாது. மணமற்ற கரைப்பான் சேர்த்து அளவைக் கூட்டுவது, மலிவான கட்டை எண்ணெயில் செயற்கை ஊது மணம் கலப்பது, நல்ல எண்ணெயை மாதிரிக்குக் காட்டி வேறு எண்ணெயைப் புட்டியில் நிரப்புவது எல்லாம் நடக்கிறது. காகிதத்தில் தடவினால் கறை இப்படி இருக்கும், தண்ணீரில் விட்டால் அப்படி மிதக்கும் என்று சொல்லப்படும் சோதனைகளை நம்ப வேண்டாம். எண்ணெய் எதுவும் அவற்றில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரே பயனுள்ள சோதனை நேரம். கடையில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். ஒரு கையில் ஒரு வகைக்கு மேல் வேண்டாம். கால் மணி, ஒரு மணி, நான்கு மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையிலும் முகர்ந்து பாருங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சுருதியில் இனித்துக்கொண்டே இருந்து திடீரென்று நின்றுவிட்டால், அது பெரும்பாலும் தயாரிக்கப்பட்ட கலவை. முரடாகத் தொடங்கி, உலர்ந்து, கட்டை மணத்தில் வந்து அமர்ந்தால் நம்பிக்கை வைக்கலாம். திறமையான கலப்படம் இந்தச் சோதனையையும் ஏமாற்றும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முழு உறுதி ஆய்வகச் சோதனையில்தான். ஆனால் அவசரப்படுத்தும் விற்பனையாளரிடமிருந்து இந்த ஒரு நாள் பொறுமை உங்களைக் காப்பாற்றும். 'இப்போதே வாங்கினால்தான் இந்த விலை' என்பவரிடம் ஊது வாங்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு வெயில் படாத அலமாரியில், இறுக்க மூடி வையுங்கள். அவசரமில்லை, நன்றாக வைத்திருந்தால் அடுத்த தலைமுறையும் அதைப் பூசும்.

மரத்தின் நிலை

எந்த மரத்தில் பிசின் இருக்கிறது என்பது வெளியிலிருந்து எளிதில் தெரியாது. காட்டில் தேடுபவர்கள் ஒன்றுக்காகப் பல மரங்களை வெட்டித் தள்ளினார்கள். விளைவு, அஸ்ஸாம் முதல் இந்தோனேசியா வரை பரவியிருந்த அக்விலேரியா மலாக்கென்சிஸ் இன்று மிகவும் அழிவாபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இந்த மரம் 1995ல் சேர்க்கப்பட்டது. ஒரு மரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் வணிகம் அதன் உறவு மரங்களின் பக்கம் திரும்பியதால், 2005 ஜனவரி முதல் அக்விலேரியா, கைரினாப்ஸ் ஆகிய இரண்டு பேரினங்களும் முழுமையாக அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இலங்கையில் 'வல்லப்பட்டை' என்று அழைக்கப்படும் மரம் கைரினாப்ஸ் வகைதான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பயணப் பைகளிலிருந்து அது பிடிபடும் செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

இப்போது சந்தைக்கு வருவதில் பெரும் பங்கு தோட்ட மரங்கள். அஸ்ஸாமிலும் திரிபுராவிலும் இது விவசாயிகளுக்கு வருமானம் தரும் பயிராகிவிட்டது. திரிபுரா அரசு 2021ல் இதற்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. புழுவுக்குக் காத்திராமல் மரத்தில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்தி, சில ஆண்டுகளில் பிசினை வரவழைக்கிறார்கள். அப்படி இளம் மரத்தில் எடுத்த எண்ணெய் இனிப்பாக, இலேசாக இருக்கும். பழைய காட்டு ஊதின் மூன்றாம் கட்டத்து ஆழம் அதில் குறைவு. இருந்தும் அதை வாங்குவதையே நான் சரியென்று நினைக்கிறேன். 'காட்டு மரம்' என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படும் புட்டி, ஒன்று பொய்யாக இருக்கும், அல்லது மீதமிருக்கும் மரங்களில் ஒன்றைக் குறைத்திருக்கும்.

சபராளிகள் ஊருக்கு வரும்போது கவனிக்க வேண்டிய அளவு ஒன்று உண்டு. சைட்டஸ் விதிகளின்படி சொந்த உபயோகத்துக்கு என்று அனுமதி ஆவணம் இல்லாமல் ஒருவர் எடுத்துச் செல்லக்கூடியது, ஊதுக் கட்டை 1 கிலோ, எண்ணெய் 24 மில்லி, தஸ்பீஹ் மணி அல்லது மாலை 2. ஒரு நாடு இதைவிடக் கடுமையான விதி வைத்துக்கொள்ளலாம் என்பதால், புறப்படும் நாட்டின் விதியையும் இறங்கும் நாட்டின் விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதைப் புட்டியோடு பையிலேயே வைத்திருங்கள். நண்பருக்காக என்று யாராவது கொடுத்தனுப்பும் கட்டைப் பொட்டலத்தை மட்டும் ஏற்காதீர்கள்.